எந்தத் தலைப்பில் எழுதியிருக்கிறார்கள்?

மானியக் கோரிக்கைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு போனால், குறிப்பாகத் துணை மதிப்பீடுகளில், சில திட்டங்களுக்கு நேரே '1' என்று மட்டும் அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டில் இந்தப் புத்தகங்களில் தொகைகள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் வரும். ஆகவே அந்த ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று பொருள். ஒரு துறை புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கு வெறும் ஆயிரமா என்று முதல் தடவை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அது அடையாள ஒதுக்கீடு. பேரவையின் ஒப்புதல் வேண்டும், அதற்காக மட்டும் அந்த ஆயிரம். உண்மையான பணம் அதே கோரிக்கைக்குள் வேறெங்கோ செலவாகாமல் நிற்கும் தொகையிலிருந்து மறுஒதுக்கமாக வரும். எவ்வளவு வந்தது, எதிலிருந்து எடுத்தார்கள் என்பது அந்தப் பக்கத்தில் தெரியாது. ஆண்டு முடிந்து, ஒதுக்கீட்டுக் கணக்குகள் தயாராகி, அவையில் வைக்கப்பட்ட பிறகு அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

இதில் மோசடி ஏதும் இல்லை. விதிப்படிதான் நடக்கிறது. அரசின் வரவு செலவைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு நாளாக ஆக ஒன்று உறுதிப்படுகிறது. எண்களை ஒளித்துவைக்கும் அரசு அபூர்வம். எல்லா எண்ணும் ஏதோ ஒரு புத்தகத்தில் அச்சாகித்தான் இருக்கிறது. நாம் தேடாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'எவ்வளவு?' என்று கேட்பதற்கு முன்னால் 'எந்தத் தலைப்பில்?' என்று கேட்கப் பழக வேண்டியிருக்கிறது.

எனக்கு இந்தப் பழக்கம் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில், வந்தது. கருவூலங்களிலிருந்து வரும் வவுச்சர்களைத் தலைப்புவாரியாகப் பிரிக்கும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு என்னவோ ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ள அந்த நான்கு இலக்க எண்கள் பிடித்துப்போயின. 0 அல்லது 1-இல் தொடங்கினால் வருவாய் வரவு. 2 அல்லது 3 என்றால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5 மூலதனச் செலவு. 6, 7 கடனும் முன்பணமும். 8 பொதுக் கணக்கு. மருத்துவத்துக்கு 2210 என்றால் ஆஸ்பத்திரியின் சம்பளம், மருந்து இதெல்லாம். அதோடு இரண்டாயிரத்தைக் கூட்டினால் 4210, ஆஸ்பத்திரிக் கட்டடம். இன்னொரு இரண்டாயிரம், 6210, அந்தத் துறைக்குக் கொடுத்த கடன். இரண்டாயிரத்தைக் கழித்தால் 0210, மருத்துவத்தால் அரசுக்கு வந்த வருமானம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை எந்த மாநிலத்தின் புத்தகத்தை எடுத்தாலும் 2210 மருத்துவம்தான். மொழி தெரியாத மாநிலத்தின் பட்ஜெட்டையும் இந்த எண்களை வைத்துக்கொண்டு ஓரளவு படித்துவிடலாம். இப்படி ஓர் ஒழுங்கை வகுத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி ஒன்றுதான். தமிழ்நாட்டில் மதுவால் அரசுக்கு எவ்வளவு வருகிறது, கண்டுபிடித்து வாருங்கள். டாஸ்மாக் பற்றி ஊரே பேசுகிறது, விடை எளிதாகக் கிடைத்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பொருளாதாரம் படித்துவிட்டு வந்த ஒரு பெண் அரைமணி நேரத்தில் விடையோடு வந்தாள்.

"சார், 2023-24-இல் 10,774 கோடி. 0039, மாநில ஆயத்தீர்வை. ஆனா பேப்பர்ல நாற்பத்தஞ்சாயிரம் கோடின்னு போட்டிருக்காங்களே, எப்படி இப்படித் தப்பாப் போடறாங்க?"

"தப்பு இல்லைம்மா. 0040 பார்த்தியா?"

"அது விற்பனை வரி சார். மதுவுக்கும் அதுக்கும் என்ன?"

என்ன சம்பந்தம் என்றால், மது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநிலம் அதன்மீது வாட் விதிக்கிறது. அந்த ஆண்டில் மதுவின் மீதான வாட் மட்டும் 35,081 கோடி. இரண்டையும் சேர்த்தால் 45,855 கோடி வருகிறது. ஆயத்தீர்வை என்ற தலைப்பில் இருப்பது மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை. முக்கால் பங்குக்கு மேல் விற்பனை வரி என்ற பெரிய தலைப்புக்குள், பெட்ரோல் டீசல் வாட்டோடு கலந்து கிடக்கிறது. முதன்மைத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் மது வருமானத்தின் முக்கால் பகுதி கண்ணுக்கே படாது. இதையும் யாரும் மறைக்கவில்லை. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தத் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்பதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். அது வேறு விஷயம்.

கல்விச் செலவும் இப்படித்தான், மறுபக்கமாக. 2202-ஐயும் 4202-ஐயும் கூட்டி 'கல்விக்கு இவ்வளவு' என்று எழுதிவிடுகிறோம். சத்துணவு அதில் இல்லை, 2236-இல் ஊட்டச்சத்து என்று இருக்கிறது. காலை உணவுத் திட்டத்தைச் சமூக நலத் துறையின் கோரிக்கையில் தேட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் 2225. ஓய்வுபெற்ற ஆசிரியரின் பென்ஷன் 2071. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு ஒரே சரியான விடை கிடையாது. ஆனால் எதைச் சேர்த்தேன் என்று எழுதாமல் ஒரு விழுக்காட்டை மட்டும் நீட்டுபவரின் கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

ஒன்றிய அரசின் கணக்குக்குப் போனால் இதே கேள்வி மாநிலங்களின் பையைத் தொடுகிறது. 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு எடுத்த வரி 32 ரூபாய் 90 காசு. அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படை உற்பத்தி வரி 1.40, சிறப்புக் கூடுதல் உற்பத்தி வரி 11, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் 18, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. வாங்குகிறவருக்கு நான்கும் ஒன்றுதான், பெட்ரோல் பங்க்கில் ஒரே விலை. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 270, 271-ஆம் பிரிவுகளின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்புக்குள் வராது. பகிர வேண்டியது அந்த 1.40 மட்டும். 15-ஆவது நிதி ஆணையம் சொன்ன 41 விழுக்காட்டைப் போட்டால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு அப்போது 4.079 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2.3 காசு வருகிறது. முப்பத்திரண்டு ரூபாய் தொண்ணூறு காசில்.

மாநிலங்களுக்கு 41 விழுக்காடு கொடுக்கிறோம் என்பது பொய்யில்லை. எதில் 41 என்பதுதான் விஷயம். 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் பெட்ரோல் வரியைக் குறைத்தபோது சாலை செஸ்ஸைத்தான் 18-லிருந்து 13, பிறகு 5 என்று இறக்கினார்கள். அடிப்படை வரி 1.40 அப்படியே நின்றது. அந்தக் குறைப்பு மாநிலப் பங்கைத் தொடவில்லை என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். அதே லிட்டருக்கு மாநிலம் தன் வாட்டைத் தனியாக வாங்கிக்கொண்டிருந்தது, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அதில் 3 ரூபாய் குறைத்தது. இதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். பாதியை எழுதிவிட்டு மீதியை விட்டால் கைதட்டல் கூடுதலாகக் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

செஸ்ஸிலும் எழுதிய இடம் ஒன்று, பணம் நின்ற இடம் இன்னொன்று என்று நடந்திருக்கிறது. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் அதற்கென்று இருந்த நிதியத்துக்குப் போயிருக்க வேண்டும். 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 47,272 கோடி ரூபாய் அங்கே போகாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது என்று சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. அந்த அறிக்கை 2020 செப்டம்பரில் அவைக்கு வந்தபோது மாநிலங்கள் இழப்பீட்டுக்காகக் கையேந்திக்கொண்டிருந்தன.

தலைப்பைப் போலவே பத்தியையும் பார்க்க வேண்டும். பட்ஜெட் அட்டவணையில் நான்கு பத்திகள் இருக்கும். நடப்பாண்டுக்கு முந்தைய ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. நாலாவது பத்தியைத்தான் நிதியமைச்சர் படிப்பார், மறுநாள் தலைப்புச் செய்தியும் அதுதான். முதல் பத்தி மட்டுமே நடந்து முடிந்தது. மற்ற மூன்றும் வெவ்வேறு அளவில் எதிர்பார்ப்பு.

2019-இல் இந்த வேறுபாட்டுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்தது. அது தேர்தல் ஆண்டு. பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட், ஜூலை 5-ஆம் தேதி முழு பட்ஜெட். 2018-19 நிதியாண்டு மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. ஒன்றிய அரசின் தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அந்த ஆண்டின் தற்காலிகக் கணக்கை மே கடைசியிலேயே வெளியிட்டுவிட்டார். ஜூலை 4 அன்று வந்த பொருளாதார ஆய்வறிக்கையில் 2018-19-இன் வருவாய் வரவு 15.6 லட்சம் கோடி. மறுநாள் வந்த பட்ஜெட்டில் அதே ஆண்டுக்கு 17.3 லட்சம் கோடி. ஒரே அமைச்சகம், ஒரே நிதியாண்டு, ஒரு நாள் இடைவெளி, 1.7 லட்சம் கோடி வித்தியாசம். அப்போது பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்த ரதின் ராய் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். அதன் பிறகுதான் நாடு கவனித்தது.

மரபுப்படி மூன்றாவது பத்தியில் திருத்த மதிப்பீடுதான் வர வேண்டும். பட்ஜெட் அந்த மரபைத்தான் பின்பற்றியது, குறை சொல்ல முடியாது. ஆனால் பிப்ரவரியில் போட்ட மதிப்பீடு அது. நிஜம் என்னவென்று ஜூலைக்குள் தெரிந்துவிட்டது. இந்த வித்தியாசம் எங்கே கடிக்கிறது என்றால், வரும் ஆண்டின் இலக்கில். 2019-20-க்கு மொத்த வரி வருவாய் 24.61 லட்சம் கோடி என்றார்கள். திருத்த மதிப்பீடான 22.48 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் ஒன்பதரை விழுக்காடு வளர்ச்சி. கேட்பதற்கு அடக்கமாக இருக்கிறது. ஏற்கெனவே வசூலாகியிருந்த 20.80 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால் 18 விழுக்காட்டுக்கு மேல். அந்த ஆண்டு அப்படி வளரும் என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் தைரியம் இருந்திருக்காது. செப்டம்பரில் நிறுவன வரியையும் குறைத்தார்கள். கடைசியில் வசூலானது 20.10 லட்சம் கோடி, முந்தைய ஆண்டைவிடவும் குறைவு.

அந்த ஜூலையில் நானும் இரண்டு ஆவணங்களையும் மேசையில் விரித்துவைத்து வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே தொகை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பதைப் பார்க்கும்போது வரும் உற்சாகத்தை இந்த வேலை செய்யாதவர்களிடம் விளக்குவது கஷ்டம். ஒற்றைச் சீட்டு காணாமல்போன சீட்டுக்கட்டை அடுக்குவதுபோல. எந்தச் சீட்டு என்று தெரியும்வரை சாப்பாடு இறங்காது.

புத்தகத்தில் எந்தத் தலைப்பிலும் வராதது என்று ஒரு வகை இருக்கிறது. இந்திய உணவுக் கழகம் விவசாயிகளிடம் நெல்லும் கோதுமையும் கூடுதல் விலைக்கு வாங்கி ரேஷனுக்குக் குறைந்த விலையில் கொடுக்கிறது. இடைவெளியை மானியமாக ஒன்றிய அரசு தர வேண்டும். 2016-17 முதல் அந்த மானியத்தின் ஒரு பகுதியைத் தராமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகத்தைக் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அஞ்சலகத்தில் நாம் கட்டும் தொடர்வைப்பு, செல்வமகள் கணக்கு எல்லாம் போய்ச் சேரும் நிதி அது. செலவு நடந்தது, அரிசி வந்தது, கடனும் ஏறியது. பட்ஜெட்டின் நிதிப் பற்றாக்குறையில் மட்டும் அது தெரியவில்லை. சி.ஏ.ஜி. கண்டித்தது, எங்களைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் அடிக்குறிப்பில் புலம்பினோம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அந்தக் கடனை அடைக்க ஒதுக்கிக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 2020-21-க்கு 1,15,570 கோடி என்று தொடங்கிய உணவு மானியம் திருத்த மதிப்பீட்டில் 4,22,618 கோடியானது. கொரோனா காலத்து இலவச அரிசியும் அதில் உண்டு. பழைய கடனும் உண்டு. அந்தப் பட்ஜெட்டைப் பற்றி எனக்குப் பல குறைகள் இருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்காகப் பாராட்டி எழுதினேன். அதற்கும் வசவு வந்தது.

வசவு வழக்கமானதுதான். செஸ்ஸைப் பற்றி எழுதும் வாரத்தில் ஒரு சாரார் என் கட்டுரையைத் தூக்கிப்பிடிப்பார்கள். மின்வாரிய நஷ்டத்தை மாநில அரசு எந்தத் தலைப்பில் ஈடுகட்டுகிறது என்று எழுதும் வாரத்தில் அவர்களே, "நீங்க எந்தக் கட்சி சார்?" என்று கேட்பார்கள். கட்சி இல்லாமல் இருப்பது பெரிய விஷயமில்லை. ஒருவருக்குப் போட்ட அதே கூட்டலை மற்றவருக்கும் போடுவதும், எப்படிப் போட்டேன் என்பதைக் காட்டிவிடுவதும்தான் வேலை. என் அட்டவணைகளை ஒவ்வோர் எண்ணும் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்ற குறிப்போடு கேட்பவருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறேன். என்னை நம்ப வேண்டியதில்லை, போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நல்ல பரம்பரை ஒன்று இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம். 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், திருவையாற்றுக்காரர். இந்தியாவின் செலவினங்களை ஆராய அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் சொல்ல 1897-இல் லண்டன் போனார். கோகலேயும் வாச்சாவும் சாட்சியம் சொன்ன ஆணையம் அது. தாதாபாய் நௌரோஜி அதில் உறுப்பினர். இன்னொருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அவரைப் பனைவெல்லத்தோடும் கைத்தொழிலோடும்தான் நமக்குத் தெரியும். அடிப்படையில் அவர் கணக்குத் தணிக்கையாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் பொதுநிதி படித்தார். ஆங்கிலேய அரசு வாங்கிய வரியும் செய்த செலவும் இந்தியரின் வறுமைக்கு எப்படிக் காரணமாயின என்பதுதான் அவருடைய ஆய்வு. காந்தி அதை 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட்டார். 1931-இல் இந்தியாவின் பெயரில் ஆங்கிலேயர் வாங்கிவைத்த கடனில் எது உண்மையில் இந்தியாவைச் சேரும் என்று பார்க்கக் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் அவர் இருந்தார். கடன் எவ்வளவு என்பதைவிட யாருடைய தலைப்பில் எழுதப்பட்ட கடன் என்று பிரித்துப் பார்க்கும் குழு. எனக்கு அந்தக் கேள்வியின் மேல் அப்படியொரு ஆசை.

கடன் என்றதும் 2021 ஆகஸ்ட் 9 ஞாபகம் வருகிறது. அன்றைக்கு அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் நிதி நிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். அதற்கு முன் 2001-இல் பொன்னையன் நிதியமைச்சராக இருந்தபோது வந்தது. இருபதாண்டுக்கு ஒரு முறை வரும் ஆவணம், ஆகையால் பக்கம் பக்கமாகப் படித்தேன். மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்கள் இவற்றின் நஷ்டத்தையும் கடனையும் ஒரே இடத்தில் தொகுத்திருந்தார்கள். எனக்கு மாதக்கணக்கில் வேலை மிச்சமானது. ஆனால் ஊர் முழுக்கப் பரவியது ஒரே எண்தான். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன். வகுத்தல் சரி. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்தக் குடும்பமும் அதைக் கட்டப்போவதில்லை. அந்தக் கடனில் கட்டிய அணையும் ஆஸ்பத்திரியும் அதே குடும்பத்தின் பேரில் எழுதப்படவும் இல்லை. பயமுறுத்துவதற்கு மட்டும் ஆகும் எண். ஆளும் கட்சியாக இருக்கும்போது இதைச் சொல்பவர் எதிர்க்கட்சியாகும்போதும் சொல்வார், அப்போது தொகை கூடியிருக்கும்.

நான் பார்ப்பது 2049, வட்டி. 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் வருவாய் வரவு 3,31,569 கோடி. வட்டி எழுபதாயிரம் கோடிக்கு மேல். வருகிற ஒவ்வொரு ரூபாயிலும் ஏறத்தாழ 21 காசு பழைய கடனுக்கு வட்டியாகப் போகிறது. இந்த விகிதத்தை ஆண்டு வாரியாக வரிசையில் வைத்துப் பார்த்தால் குடும்பக் கணக்கு சொல்லாததையெல்லாம் சொல்லும். கூடவே வருவாய்ப் பற்றாக்குறையை வையுங்கள். 2012-13-இல் உபரியில் இருந்த மாநிலம் 2013-14-இலிருந்து ஓர் ஆண்டும் தவறாமல் பற்றாக்குறையில் இருக்கிறது. 2025-26-க்கு மதிப்பிட்டது 41,635 கோடி. சம்பளம், பென்ஷன், மானியம், வட்டி இவற்றுக்கே வருமானம் போதவில்லை, அந்தத் துண்டையும் கடனால் ஈடுகட்டுகிறோம் என்று பொருள். கடனில் எவ்வளவு 4-இல் தொடங்கும் தலைப்புகளுக்குப் போனது, எவ்வளவு 2-இல் தொடங்கும் தலைப்புகளுக்குப் போனது என்று பிரித்துவிட்டால் சண்டைக்கு வேண்டிய நியாயம் இரு தரப்புக்கும் கிடைக்கும்.

அந்த 2049-ஐப் புரட்டிப் பார்க்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் கேட்பார்கள். இந்தச் செலவு வாக்களிப்புக்கு உரிய மற்ற செலவுகளோடு சேராமல் ஏன் தனியாக நிற்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு கடனுக்கான வட்டியைத் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாட்டிய செலவு என்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளமும் அப்படித்தான். உறுப்பினர்கள் அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், ஒரு ரூபாயைக்கூட வெட்டி வாக்களிக்க முடியாது. மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருபவர்கள் மீதியுள்ள 79 காசுக்குள்தான் வெட்ட வேண்டும். அதிலும் பென்ஷனையும் சம்பளத்தையும் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று அந்தப் பெண் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறாள். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் சம்பளம் என்ற தலைப்பில் இல்லை, மானியம் என்ற தலைப்பில் இருக்கிறது என்று நேற்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறாள்.